ஒரு சாண் சேறு

வலது மணிக்கட்டில் ஆரம்பித்த வலி முழங்கை வரை ஏறி, தோளுக்குப் போகலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நின்றது. மூக்கி சிப்பி தோண்டும் பல் வாரியைச் சேற்றில் குத்தி நிறுத்திவிட்டு இடது கையால் மணிக்கட்டைப் பிடித்து நீவினாள். நிமிர்ந்தால் இடுப்பில் இன்னொரு வலி காத்திருக்கிறது என்று தெரியும். அதனால் நிமிரவில்லை. குனிந்தபடியே தலையை மட்டும் திருப்பிக் கணவன் எங்கே என்று பார்த்தாள்.

அவன் தூரத்தில், வாய்க்கால் ஓரமாக நின்றிருந்தான். இரண்டு நீளக் கால்களும் முழங்கால் வரை சேற்றுக்குள் இருந்தன. ஊர் அவனுக்கு வைத்த பெயர் கொக்கு. அவளுக்கு வைத்தது மூக்கி. இந்த ஊரில் பெயர் வைக்கிறவர்கள் இரக்கம் பார்ப்பதில்லை. சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் தபால்காரரே தலையைச் சொறிவார்.

"தண்ணி ஏறுது! போதும், வாங்க!" என்று கத்தினாள்.

"இன்னும் ஒரே ஒரு கூடை! இங்க ஒவ்வொண்ணும் உள்ளங்கை அகலம் இருக்குடி!"

"உள்ளங்கை அகலத்துக்கு ஆசைப்பட்டு கழுத்து வரைக்கும் நனைஞ்சா சரியாப் போயிடும். வாங்கன்னா வாங்க!"

அவன் கடைசிக் கூடையையும் சறுக்குப் பலகையில் ஏற்றி, கயிற்றைத் தோளில் மாட்டி இழுத்துக்கொண்டு வந்தான். வாரியைக் கொண்டுவரவில்லை. தினமும் தூக்கிச் சுமப்பானேன் என்று அதை அங்கேயே ஒரு கழியில் கட்டிவிட்டு வருவது இந்த இரண்டு வாரமாக அவன் வழக்கம். சேற்றில் பாரம் இழுப்பவனுக்குப் பேச மூச்சு இருக்காது. அவனுக்கு இருந்தது.

"நாளைக்குச் சரக்கு ஏத்த ஐஸ் வண்டிக்காரன் வந்து பாத்தான்னா கண்ணு ரெண்டும் கீழ விழுந்துடும். பொறுக்கி எடுத்துக் குடுக்கணும் நாமதான்."

கரையேறியதும் அவளுடைய வேலை தொடங்கியது. ஒவ்வொரு கூடையிலும் மேலிருந்து ஒன்று, நடுவிலிருந்து ஒன்று, அடியிலிருந்து ஒன்று என்று சிப்பி எடுத்தாள். கத்தி முனையை நுழைத்துத் திருகித் திறந்தாள். கண்ணையும் வாயையும் மூடிக்கொண்டு, மூக்கருகே கொண்டுபோய் மெதுவாக இழுத்தாள். முகத்தை அப்பால் திருப்பி மூச்சை விட்டுவிட்டு மறுபடி ஒரு முறை இழுத்தாள். உப்பு, பாசி, சேறு. வேறு எதுவும் இல்லை.

"சுத்தம்," என்றாள்.

"அவ்வளவுதான். முத்திரை குத்தியாச்சு," என்றான் கொக்கு.

அவனுடைய சிப்பி, அவளுடைய சிப்பி எல்லாவற்றையும் ஒன்றாக, இரண்டு வாரமாகச் சேர்ந்த சரக்கோடு கம்பிக்கூண்டுகளில் கொட்டி, கரையோரத் தண்ணீரில் இறக்கிக் கட்டினார்கள். ஒரு ராத்திரி கிடந்தால் உள்ளே இருக்கும் மண்ணைக் கக்கிவிடும். மண் கக்காத சிப்பியை வண்டிக்காரர் தொடமாட்டார்.

எட்டொன்பது வருடத்துக்கு முன்னால் வெளிக்கடலில் ஒரு கப்பல் தரைதட்டியது. வயிறு கிழிந்து, உள்ளே இருந்த எண்ணெயையெல்லாம் கக்கியது. காற்று அதை அள்ளிக்கொண்டு வந்து நேராக இந்தக் கரையின் சேற்றுவெளியில் கொட்டியது. இறக்கை ஒட்டிப்போய்ச் செத்த பறவைகளை எல்லோரும் படத்தில் பார்த்தார்கள். படம் எடுத்தவர்கள் கிளம்பிய பிறகு நடந்ததைப் பார்க்க ஆளில்லை. ஊரே வாளியும் வெறுங்கையுமாக இறங்கி மேலே கிடந்த கறுப்பை அள்ளியது. தலைவலியும் வாந்தியுமாகத்தான் அள்ளியது. முகமூடிகள் வந்து சேர்ந்தபோது வேலை முடிந்திருந்தது. அட்டைப்பெட்டி பிரிக்காமலே கிடந்து, கடைசியில் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறவர்கள் எடுத்துப்போனார்கள்.

அள்ளியது மேலே இருந்ததைத்தான். மிச்சம் நண்டு வளைகளின் வழியாக உள்ளே இறங்கி உட்கார்ந்துகொண்டது. அதன் மேல் ஒவ்வொரு ஏற்றத்திலும் கடல் புதுச் சேற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பூசியது. ஆண்டுக்கு ஒரு முறை குழாயோடு வந்து சேற்றைத் துளைத்து எடுத்துப்போகும் ஆராய்ச்சிக்கார அம்மா கையை விரித்துக் காட்டிச் சொன்னார்: "மேல ஒரு சாண் நல்ல சேறு. அதுக்குக் கீழ கைய வைக்காதீங்க. அது தூங்கட்டும்."

படித்தவர்கள் சொல்வதையெல்லாம் ஊர் கேட்டுவிடாது. இதைக் கேட்டது. வீட்டுக்கு வீடு வாரிகளை வெல்டிங் பட்டறைக்குத் தூக்கிப்போய், முழ நீளப் பற்களை ஒரு சாணுக்கு வெட்டிக்கொண்டு வந்தார்கள். அதன் பிறகு இந்தக் கரையில் நீளப் பல் வாரி என்று ஒன்று கிடையாது.

வெட்டின வாரி இருந்தது, வாரத்தான் எதுவும் இல்லை. பழைய சிப்பிகள் மொத்தமாகச் செத்துப்போயிருந்தன. மடவை மீன் பிடித்து விற்றால், வாங்கியவர்கள் மண்ணெண்ணெய் நாறுகிறது என்று மூஞ்சியில் விட்டெறிந்தார்கள். மூக்கிக்குப் பெயர் வந்தது அப்போதுதான். வலையிலிருந்து கொட்டிய குவியலில் எந்த மீன் நாறும், எது நாறாது என்று நாலடி தள்ளி நின்றே சொல்லிவிடுவாள். அவள் ஒதுக்கியதை வீட்டில் பூனைக்குக்கூடப் போடமாட்டார்கள். அவள் சரி என்று சொன்னதை ஐஸ் வண்டிக்காரர் முகர்ந்துகூடப் பார்க்காமல் ஏற்றிக்கொள்வார்.

அந்த வருமானம் போதாமல் ஆண்கள் ஒவ்வொருவராக வெளியே போனார்கள். கொக்கு தொலைவில் இருந்த கல்குவாரிக்குப் போனான். வருடத்தில் இரண்டு மூன்று தடவை, இருமலும் தூசியுமாக வீட்டுக்கு வந்து போனான்.

மூன்று வருடத்துக்கு முன்பு மூக்கிதான் படகு கேட்டு வாங்கிக்கொண்டு எதிர்க்கரைக்குப் போனாள். அங்கே எண்ணெய் போகவில்லை, நீரோட்டம் காப்பாற்றிவிட்டது. அவர்களுடைய பொதுத் திட்டிலிருந்து இருபது கூடை குஞ்சுச் சிப்பி விதைக்காகக் கேட்டாள். காசு வேண்டாம் என்றார்கள். உன் சேறு பலன் கொடுக்கிற வருடம் இருபது கூடை குஞ்சு திரும்பி வரவேண்டும், அவ்வளவுதான் பேச்சு. இந்தக் கரையில் மற்றவர்கள், "நீங்க மொதல்ல போடுங்க, பாத்துட்டு நாங்களும் போடுறோம்," என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அவள் விதைத்தாள். வலை கட்டி நண்டிடமிருந்து காத்தாள். சிப்பி பிழைத்துக்கொண்டது.

இப்போது முதல் அறுவடை. கொக்கு குவாரி மேஸ்திரியிடம் இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டே வந்திருந்தான். நாளை வண்டி சரக்கை ஏற்றிக்கொண்டால், அவன் கல் உடைக்கப் போகவேண்டியதில்லை. நாளையே அந்தப் பொதுத் திட்டைப் பார்த்துக்கொள்ளும் எதிர்க்கரைக்காரரும் விதையைத் திரும்ப வாங்கத் தன் கூடைகளோடு வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தார்.

மதியப் பேருந்தில் நாத்தனார் வந்து இறங்கினாள். கொக்கின் தங்கை, நகரத்தில் துணி ஆலையில் தையல் வேலை. கையில் ஒரு பை, மறு கையில் தண்ணீர் சொட்டும் இன்னொரு பை.

"என்னடி அது?"

"வெறுங்கையோட வரக்கூடாதுன்னு எதிர்க்கரையில இறங்கி சிப்பி வாங்கிட்டு வந்தேன் அண்ணி."

மூக்கி இடுப்பில் கைவைத்துக்கொண்டு சிரித்தாள். "சிப்பி தோண்டுற வீட்டுக்குச் சிப்பி வாங்கிட்டு வந்த மொத ஆளு நீதான். நாளைக்கு உங்க அண்ணன் ஆலைக்கு நூல் வாங்கிட்டு வருவாரு."

"நீங்க விக்கிறதுக்குத்தானே வெச்சிருப்பீங்க. எனக்குப் போடுவீங்களோ மாட்டீங்களோ."

"வாயப் பாரு!"

அன்று தோண்டியதிலிருந்து ஒரு சட்டி நிறைய எடுத்து, உப்புத் தண்ணீரில் வேகவைத்து வாய் திறந்ததும் இறக்கினாள். நாத்தனாருக்குப் பெரியதாகப் பார்த்துத் தட்டில் போட்டாள். அவள் ஒன்றை எடுத்து வாயில் போட்டு மென்றாள். மெல்லுவதை நிறுத்தினாள். விழுங்கிவிட்டுத் தண்ணீர் குடித்தாள். இரண்டாவதைப் பாதி கடித்து, மெதுவாகத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். பிறகு வெறும் சோற்றைப் பிசைய ஆரம்பித்தாள்.

"ஏன், வேகலையா?"

"வெந்திருக்கு அண்ணி. பசி இல்ல."

"வாசல்ல கால வைக்கும்போதே பசி உயிர் போகுதுன்னியே."

நாத்தனார் அண்ணனைப் பார்த்தாள், அண்ணியைப் பார்த்தாள். "கோவிச்சுக்கக்கூடாது. லாந்தர் விளக்கைக் கழுவின தண்ணியில வேகவெச்ச மாதிரி இருக்கு."

கொக்கு உரக்கச் சிரித்தான். "தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டு விட்டு உன் நாக்கே எண்ணெயாப் போச்சு."

"நான் மெஷினுக்கு எண்ணெய்தான் விடுறேன் அண்ணா. அதை நக்குறதில்ல."

"டவுன் தண்ணி குடிச்சா நாக்கு அப்படித்தான் ஆகும். மூக்கி மோந்து பாத்துட்டா, தெரியுமில்ல?"

மூக்கி தட்டின் ஓரத்தில் கிடந்த பாதிச் சிப்பியை எடுத்து முகர்ந்தாள். வாயில் போட்டு மென்றாள். உப்பாக, நன்றாகத்தான் இருந்தது.

நாத்தனார் குரலைத் தணித்துக்கொண்டாள். "போன தடவை வந்தப்பவே சொல்லணும்னு இருந்தேன் அண்ணி. வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் ஒரு வாடை அடிக்குது. சாக்கு, ஈரத்துணி, தலகாணி, எல்லாத்துலயும். ரெண்டு நாள் இருந்தேன்னா எனக்கும் தெரியாமப் போயிடுது. திரும்பிப் போயி பையத் திறந்தா பக்கத்து மெஷின்காரி மூக்கப் பொத்திக்கிறா. என்னடி, பெட்ரோல் பங்க்லயா படுத்திருந்தேன்னு கேக்குறா."

கொக்கு சிரிப்பதை நிறுத்தியிருந்தான். சோற்றைப் பார்த்துக்கொண்டு வேகமாகச் சாப்பிட்டான்.

மூக்கி எழுந்து கையைக் கழுவினாள். நாத்தனார் வாங்கிவந்த எதிர்க்கரைச் சிப்பியை எடுத்து இன்னொரு சட்டியில் அதே போல வேகவைத்தாள். இரண்டு சட்டியிலிருந்தும் தனித்தனிக் கிண்ணத்தில் ஓடில்லாமல் சதையை மட்டும் போட்டாள்.

"நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன். நீ கிண்ணத்தை மாத்தி வை. எது எதுன்னு உனக்குத் தெரிஞ்சா போதும்."

"எதுக்கு அண்ணி இதெல்லாம்? நான் ஏதோ வாய்த்துடுக்கா..."

"வைடி."

சுவரைப் பார்த்து நின்றாள். கிண்ணம் நகரும் சத்தம் நின்றதும் திரும்பி, முறைப்படி கண்ணை மூடி, இரண்டையும் முகர்ந்தாள். இடது கிண்ணத்தைத் தொட்டு, "இது எதிர்க்கரை," என்றாள். நாத்தனார் உதட்டைக் கடித்துக்கொண்டு தலையாட்டினாள். இல்லை. மறுபடி திரும்பி நின்றாள். மறுபடி முகர்ந்தாள். இந்தத் தடவை நெடுநேரம் எடுத்துக்கொண்டு வலது கிண்ணத்தைத் தொட்டாள். அதுவும் இல்லை. மூன்றாவது தடவை முகர்ந்துவிட்டு எதையும் தொடாமல் நின்றாள்.

"தள்ளு, நான் பாக்குறேன்," என்று கொக்கு வந்தான். ஒரே இழுப்பில் முடிவுசெய்தான். "இதுதான் எதிர்க்கரை. வாசமே சொல்லுதே."

"அது நம்ம வீட்டுச் சிப்பி அண்ணா."

அடுப்பில் விறகு இடிந்து விழுந்தது. மூக்கி இரண்டு கிண்ணத்தையும் எடுத்துப்போய்க் கொட்டிவிட்டுக் கழுவினாள். கழுவின கிண்ணத்தையே மறுபடி கழுவினாள்.

சாயங்காலம் மறுபடி தண்ணீர் வடிந்தபோது மண்வெட்டியோடு கிளம்பினாள். "நீயும் வா," என்றாள் நாத்தனாரிடம். "உன் மூக்கு வேணும்."

"சேத்துலயா? புதுச் செருப்பு அண்ணி."

"கழட்டி வெச்சிட்டு வா."

கொக்கு வாசலில் நின்று, "இருட்டப்போகுது, காலையில பாத்துக்கலாம்," என்றான். யாரும் நிற்காததால் அவனும் பின்னால் வந்தான். வழக்கமாக முன்னால் நடப்பவன், இப்போது ரொம்பப் பின்தங்கி வந்தான்.

நாத்தனார் நாலு எட்டுக்கு ஒரு தடவை புதைந்தாள். ஒவ்வொரு தடவையும் தன்னைப் பெற்றவர்களிலிருந்து கப்பல் முதலாளி வரை எல்லோரையும் திட்டினாள். மூக்கி அவளைக் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். தூரத்து மணல்மேட்டில் நீள அலகுப் பறவைகள் கூட்டமாக நின்று மணலுக்குள் அலகை முழுசாகச் செருகி எடுத்துக்கொண்டிருந்தன. சேற்றுவெளிக்கு அவை வருவதில்லை. இங்கே ஓடித்திரிந்தவை குட்டை அலகுக் குருவிகள்தான். மேலாகக் கொத்தித் தின்பவை. அவளுக்கு அது தெரிந்த காட்சிதான். தினமும் பார்ப்பதுதான்.

தான் தோண்டிய பகுதியில் முதலில் ஒரு நண்டு வளையின் பக்கவாட்டில் மண்வெட்டியால் செதுக்கினாள். வளை நேராக ஒரு சாண் இறங்கி, அங்கிருந்து மடக்கிய முழங்கை மாதிரி பக்கவாட்டில் திரும்பியிருந்தது. இன்னொன்றைச் செதுக்கினாள். அதுவும் அப்படியே. நண்டுக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு விரல் அளவுகூட அது கறுப்புக்குள் இறங்கவில்லை.

"இங்க மோந்து பாரு."

நாத்தனார் குனிந்தாள். "மேல ஒண்ணும் இல்ல அண்ணி. சேறு நாத்தம்தான்."

அங்கிருந்து வாய்க்கால் ஓரத்துக்கு, கொக்கு தோண்டும் இடத்துக்குப் போனார்கள். போய்ச் சேருவதற்கு முன்பே நாத்தனார் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். சேறு உழுத நிலம் மாதிரிப் புரண்டு கிடந்தது. அதில் வளையே இல்லை. ஒரு நண்டு மட்டும் குடித்தவன்போல நடந்து, மண்கட்டியில் முட்டி நின்றது. புரண்ட சேற்றில் கறுப்புக் கறுப்பாகத் துணுக்குகள் கிடந்தன. காலடிப் பள்ளங்களில் நின்ற தண்ணீரில் வானவில் மாதிரி ஒரு படலம். ஏற்றம் வரும்போது அது நேராக அவளுடைய பகுதிக்கு மேல்தான் ஏறும்.

கழியில் கட்டியிருந்த வாரியை அவிழ்த்துத் தண்ணீரில் அலசினாள். வெட்டின பற்களின் நுனியில் புதுக்கம்பி வைத்துப் பற்றவைத்திருந்தது. ஒட்டின இடங்கள் வெள்ளையாக மின்னின. முழ நீளம்.

கொக்கு வந்து நின்றான்.

"மேல கிடக்கிறது எல்லாம் சுண்டுவிரல் அளவு. அதை வெச்சு வண்டி நிறையுமா? வளர்ந்தது எல்லாம் கீழ எறங்கிடுச்சு."

"ஒரு வருஷம் விட்டிருந்தா மேல இருக்கிறதும் வளர்ந்திருக்கும்."

"அந்த ஒரு வருஷம் கல்லு உடைக்கப் போறது நீயா? நானா?"

"பட்டறையில யாரு பத்தவெச்சுக் குடுத்தது?"

"இங்க இல்ல. போன தடவை வந்தப்ப வாரியைக் கொண்டுபோயி, குவாரியிலயே செஞ்சு எடுத்துட்டு வந்தேன்." கொஞ்சம் நிறுத்தி, "பயம் இல்லாம இல்ல," என்றான். "மொத நாளு ரெண்டு கூடை எடுத்துட்டு வந்து உன் முன்னால வெச்சேன். நீ வேணாம்னு சொல்லியிருந்தா அப்படியே விட்டிருப்பேன். நீ மோந்து பாத்துட்டு சுத்தம்னு சொன்னே. தினமும் சொன்னே. நீயே சொன்னப்புறம் எனக்கென்ன?"

மூக்கி வாரியை அவன் கையில் கொடுத்தாள். மூன்று பேரும் தண்ணீர் ஏறுவதற்குள் கரைக்குத் திரும்பினார்கள். நாத்தனார் வழியில் ஒரு தடவைகூட யாரையும் திட்டவில்லை.

காலையில் ஐஸ் வண்டி பின்பக்கமாக வந்து கரையை ஒட்டி நின்றது. வண்டிக்காரர் பின்கதவைத் திறந்து வைத்துவிட்டு, கூண்டுகளைப் பார்த்து விசிலடித்தார்.

"அக்கா, இந்த மாதிரி சைஸ் பாத்து எத்தனை வருஷம் ஆச்சு! ஏத்தலாமா?"

"ஏத்தவேணாம். எண்ணெய் இருக்கு," என்றாள் மூக்கி.

"எதுல?"

"எல்லாத்துலயும். ஒரே கூண்டுல கலந்தாச்சு. பிரிக்க முடியாது."

அவர் ஒன்றைத் திறந்து முகர்ந்தார். தோளைக் குலுக்கினார். "எனக்கு ஒண்ணும் தெரியலையே. வண்டியில ஏறி உக்காந்ததுலேர்ந்து மீன் நாத்தத்தைத் தவிர எனக்கு எதுவும் தெரியாதுதான், இருந்தாலும்..."

"எனக்கும் தெரியல. அதைத்தான் சொல்றேன். இனிமே நான் சுத்தம்னு சொன்னா நம்பாதீங்க."

வண்டிக்காரர் அவளையே பார்த்தார். பிறகு கூண்டைப் பார்த்தார். காலியாகத் திரும்பினால் எரிபொருள் செலவு அவர் தலையில்தான். "ஒண்ணு செய்வோம். ரொம்பத் தள்ளி, டப்பாவுல அடைக்கிற இடம் ஒண்ணு இருக்கு. காரம், புளி, மசாலா எல்லாம் போட்டுடுவான். பாதி விலை குடுப்பான். எவனுக்குத் தெரியப்போகுது?"

"தெரியாமத் தின்னுடுவாங்களே. நாங்க தின்ன மாதிரி."

அவர் கொக்கின் பக்கம் திரும்பினார். "அண்ணே, நீ சொல்லு. ரெண்டு வாரம் இடுப்பொடிய வேலை செஞ்சிருக்கே."

கொக்கு கூண்டுகளுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். உள்ளங்கை அகலச் சிப்பி ஒன்றைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தான். "என்னைக் கேக்காத. நான் சரின்னு சொல்லிடுவேன்," என்றான்.

வண்டிக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தினார். "சரி. ஆனா இனிமே உங்க கரையில யாரு மூக்கை நம்பி நான் ஏத்துறது?"

வண்டி காலியாகப் போனது.

வெயில் ஏறுவதற்கு முன் எதிர்க்கரைக்காரர் படகில் வந்தார். வயசாளி, வலது காது கேட்காது. படகு நிறையக் காலிக் கூடைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி எடுத்துவந்திருந்தார். மூக்கி அவருடைய இடது பக்கமாகப் போய் நின்று நடந்ததைச் சொன்னாள். கணவன் வாரியில் பல் வைத்ததையும் சொன்னாள். தன் மூக்கு செத்ததையும் சொன்னாள். எதையும் விடவில்லை.

"பெருசு கெட்டுப்போச்சு, சரி. குஞ்சு இருக்குமே? மேலதானே கிடக்கும்?"

"இருக்கு ஐயா. நிறையவே இருக்கு. ஆனா எண்ணெய் கலங்கின தண்ணி ரெண்டு வாரமா அது மேலதான் ஏறி எறங்குது. அதை உங்க சேத்துல கொண்டுபோய்ப் போட நான் குடுக்கமாட்டேன்."

அவர் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். "எங்க திட்டுலயும் குஞ்சு கம்மியாப் போச்சும்மா. உனக்கு அள்ளிக் குடுத்த பக்கம் இன்னும் சரியா மூடல. அதனாலதான் இந்த வருஷமே கேட்டு வந்தேன். இல்லேன்னா அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு இருந்திருப்பேன்."

"தெரியாது ஐயா. சொல்லலையே நீங்க."

"சொன்னா நீ என்ன பண்ணுவே, ராவோட ராவா முட்டையிட்டுக் குடுப்பியா?" தன் நகைச்சுவைக்குத் தானே லேசாகச் சிரித்தார். பிறகு சிரிப்பை மடித்து வைத்துவிட்டார். "பரவாயில்ல, விடுன்னு சொல்ல எனக்கு வாய் வருது. ஆனா அது என் சொத்து இல்ல. ஊருப் பொது விதை. நான் விட முடியாது."

"நீங்க விடவேணாம்."

"எப்போ?"

"தெரியாது. அந்த ஆராய்ச்சிக்கார அம்மா வரட்டும், கேக்குறேன். பொய்யா ஒரு வருஷம் சொல்ல நான் தயாரா இல்ல."

அவர் தலையாட்டினார். கேட்கும் காதால் கேட்டுவிட்டார் என்று அர்த்தம். கூடைகளைப் படகிலிருந்து இறக்கி, கரைமேட்டில் தண்ணீர் எட்டாத இடமாகப் பார்த்து அடுக்கினார். கொக்கு எழுந்துபோய், கூடமாட இறக்கினான்.

"காலிக்கூடைய எடுத்துட்டுப் போகலையா?" என்று மூக்கி கேட்டாள்.

"திருப்பி எடுத்துட்டுப் போனா ரெண்டு பேருக்கும் மறந்துடும். இங்கயே கிடக்கட்டும்," என்று சொல்லிவிட்டுப் படகைத் தள்ளினார்.

மதியத்துக்குள் மூக்கியும் நாத்தனாரும் கூண்டுகளைத் திறந்து, சிப்பிகளை வாய்க்கால் பக்கம் போகாமல் மேல்சேற்றிலேயே வீசி விதைத்தார்கள். கக்க வேண்டியதைக் கக்கினால் பிழைக்கும். கொக்கு வீட்டுக்குப் பின்னால் வாரியைக் கல்லில் சாய்த்துவைத்து, இரும்பு ரம்பத்தால் பற்களை ஒவ்வொன்றாக அறுத்தான். கம்பி கெட்டிக் கம்பி. குவாரியில் பற்றவைத்தது நன்றாகவே பிடித்திருந்தது. ஒவ்வொரு பல்லுக்கும் கையை விரித்து வைத்து அளந்துகொண்டான். முடித்ததும் வாரியைக் கொண்டுவந்து அவள் வாரிக்குப் பக்கத்தில் சாத்தினான்.

"மேஸ்திரி சேத்துப்பாரா?" என்று கேட்டாள்.

"திட்டுவாரு. சேத்துப்பாரு. கல்லு உடைக்க ஆளு எங்க கிடைக்குது."

அவன் துணிகளை மடித்துப் பையில் வைத்தாள். வைப்பதற்கு முன் சட்டையை முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்தாள். சோப்பு வாசம் மட்டும் வந்தது. நாத்தனாரிடம் நீட்டினாள். நாத்தனார் முகர்ந்துவிட்டு எடுத்துப்போய் வெயிலில் கொடியில் போட்டாள்.

பேருந்துக்குக் காத்திருக்கும்போது நாத்தனார் சொன்னாள்: "மாசம் ஒரு தடவை லீவு போட்டுட்டு வர்றேன் அண்ணி. வந்ததும் மொத வேலையா மோந்து பாத்துடுறேன். ரெண்டாம் நாளு கேட்டீங்கன்னா நானும் உங்கள மாதிரிதான்."

"சம்பளம் என்ன கேப்பே?"

"சோறு போதும். சிப்பி மட்டும் வேணாம்."

கொக்கு சிரித்தான். பேருந்து வந்தது. அண்ணனும் தங்கையும் ஏறினார்கள். அவன் ஜன்னலிலிருந்து கையை நீட்டி, அவளுடைய வலிக்கிற மணிக்கட்டை ஒரு தரம் பிடித்து அழுத்திவிட்டு விட்டான். அழுத்தியது வலித்தது. கையை இழுத்துக்கொள்ளாமல் நின்றாள்.

திரும்பி வரும்போது தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. மணல்மேட்டில் நீள அலகுப் பறவைகள் இறங்கியிருந்தன. சேற்றுப் பக்கம் அவற்றில் ஒன்றும் வரவில்லை. மூக்கி கரைமேட்டுக்குப் போய், கூடைகள் காற்றில் உருளாமல் இருக்க மேலே ஒரு கல்லைத் தூக்கி வைத்தாள். எதிர்க்கரை ஊருக்கு இருபது கூடை விதைச் சிப்பி அவள் இன்னும் தரவேண்டியிருக்கிறது.